சரியக்கா சொன்ன ‘சரி’

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இப்போது அடையாள அட்டையில் மட்டும்தான் குடியிருக்கிறது. தெருமுனைச் சலவைக்கடைக்காரரிலிருந்து பேருந்து நிறுத்தத்தில் பார்த்துப் பழகியவர்கள் வரை எல்லோருக்கும் அவள் சரியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் கணவர் மட்டும் அக்காவைக் கழித்துவிட்டு வெறும் ‘சரி’ என்று கூப்பிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொள்வார்.

பழி முழுக்க அவள் பார்க்கும் வேலைக்குத்தான் போக வேண்டும். தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் ஆரம்பித்தால் அது தண்ணீரோடு நிற்காது. மேல்வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுவது, மைத்துனன் வீட்டில் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டுவது எல்லாம் வரிசையாக வரும். அத்தனையும் கேட்டாக வேண்டும். நடுவில் இந்தப் பக்கம் சத்தம் இல்லாமல் போனால், இணைப்பு போய்விட்டது என்று நினைத்து ‘ஹலோ ஹலோ’ என்று கத்திவிட்டு மைத்துனனை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதனால் அவர்கள் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அவள் ஒரு ‘சரி’ போட்டு வைப்பாள். நான் இங்கேதான் இருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். அதற்கு மேல் ஒரு சல்லிப் பொருள் கிடையாது.

வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தச் சரிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார். குட்டையாக வந்தால் காதில் விழுந்தது என்று பொருள். இழுத்துச் சொன்னால் நம்பவில்லை. இரட்டையாக வந்தால் ‘போதும், நிறுத்து’ என்று பொருள். ‘சரிங்க’ என்று மரியாதையோடு வந்தால் சண்டை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதே தவிர முடியவில்லை. அவளுக்கு உண்மையிலேயே சம்மதம் என்றால் வாயே திறக்க மாட்டாள், தலையை ஒரு முறை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தவர்கள் குறைவு.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பள்ளி ஆலோசனைக் குழுவில் உட்கார வைத்தது அவள் தங்கைதான். அக்கம்பக்கத்து மனிதர்களைக் கூட்டி வைத்துப் பள்ளிக்கூடம் யோசனை கேட்கும் குழு அது. பெரும்பாலும் அதில் பிஸ்கட்தான் தீரும், பிரச்சினை தீராது. இருந்தாலும் தங்கைக்கு அதில் ஒரு நம்பிக்கை. அவள் மகள் அந்தப் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். உன் குரலுக்கு யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், நம் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் நீ பேசுவாய் என்று சொல்லிச் சொல்லியே அக்காவைக் கரைத்துவிட்டாள்.

அந்தக் கூட்டம் தலைமையாசிரியை அறையில் நடந்தது. இரும்பு அலமாரியின் தலையில் சுருட்டி வைத்த வரைபடங்கள், அவற்றுக்குப் பக்கத்தில் எப்போதோ வென்ற கேடயங்கள், சுற்றும்போது தலையையும் ஆட்டும் ஒரு மின்விசிறி. குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருந்ததால் உடம்பு இங்கேயும் மனசு அங்கேயுமாக இருந்தார். ஜன்னலோரம் ஓய்வுபெற்ற சர்வேயர். அவர் கண் சுற்றுச்சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதிலேயே இருந்தது. கழிப்பறைக் குழாய் பற்றிப் பேசினார்கள். வாசலில் வேகத்தடை போடுவது பற்றிப் பேசினார்கள். பிறகு தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்த அறையைக் கவனித்துக்கொண்டிருந்த ஆசிரியைக்கு மாற்றல் வந்துவிட்டது, வேறு ஆள் இல்லை, அதனால் அடுத்த மாதத்திலிருந்து அதை மூடிவிடலாம் என்று இருக்கிறேன் என்றார்.

“சரி” என்றாள் சரியக்கா.

அந்த அறை எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குப் போகும் பெற்றோர் வந்து கூட்டிப்போகும் வரை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மாலை அறை. அவள் சொன்ன சரிக்கு, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள், அதற்கு என்ன மாற்று ஏற்பாடு’ என்று பொருள். தொலைபேசியில் எல்லோரும் முதலில் குறையைச் சொல்லி, என்ன வேண்டும் என்பதைக் கடைசியில்தானே சொல்வார்கள். அவள் அந்தக் கடைசிக்காகக் காத்திருந்தாள். தலைமையாசிரியையோ நிறுத்திவிட்டு, அவள் முகத்தையே பார்த்து, மூடிவிடலாம்தானே என்று இன்னொரு முறை கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தேநீர் கொண்டுவந்த அம்மா சர்க்கரை போதுமா என்று குனிந்தார். “சரி, சரி” என்றாள் சரியக்கா. மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். சர்வேயர், ரொம்ப நாளைக்கு முன்பே செய்திருக்க வேண்டியது என்றார். பேச்சு விளையாட்டுப் போட்டிக்குத் தாவியது. மறுபடி அறைக்கு வருவார்கள், வருவார்கள் என்று அவள் காத்திருக்கும்போதே கூட்டம் முடிந்துவிட்டது. சரி, ஆள் தேடுவார்கள் போல, அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

குண்டு இரண்டு நாள் கழித்து வெடித்தது. தங்கை வீடு அதே கட்டடத்தில் கீழ்த்தளம். வேலை முடிந்து வந்த சரியக்கா வழக்கம்போல முதலில் அங்கே எட்டிப் பார்த்தாள். தங்கை சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு டப்பாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து ஷூ முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவள் மகள் சின்னவள்தான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“பெரியம்மா, இனிமே சாயங்கால ரூம் கிடையாதாம். பெரியவங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். உங்க பெரியம்மாதான் முதல்ல சரின்னு சொன்னாங்கன்னு டீச்சர் சொன்னாங்க.”

சரியக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஏனென்றால் தங்கை பேருந்து ஓட்டுகிறாள். வேலையில் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகும் வரை கொடுத்த ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி வாய் திறக்க முடியாது. அவள் வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். அக்கா வருவது அதற்கும் பிறகு, அக்காவின் கணவர் வருவது இன்னும் பிறகு. குழந்தையின் அப்பா இவர்களை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. மாலை அறை இல்லையென்றால் ஒன்று மகள் தெருவில் நிற்க வேண்டும், இல்லை தாய் வேலையை விட வேண்டும். மகளைத் தெருவில் நிறுத்துகிறவள் இல்லை அவள்.

தங்கை கத்தவில்லை. தேய்த்து முடித்த மூடியையே மறுபடி தேய்த்தாள்.

“நீ சொன்னியாக்கா?”

“சரி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு...”

“பாத்தியா” என்றாள் தங்கை.

அதற்கு மேல் சரியக்கா என்ன சொல்லியும் எடுபடவில்லை. தேநீர், சர்க்கரை, தொலைபேசிப் பழக்கம் என்று அவள் சொன்னதெல்லாம் அவள் காதுக்கே நொண்டிச் சாக்காகத்தான் கேட்டது. தங்கை குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் வண்டி ஓட்டப் போறேன்னு வந்து சொன்னப்பவும் நீ சரின்னுதான் சொன்னே. அது எந்தச் சரின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலக்கா. இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

மாடிப்படி ஏறும்போது சரியக்காவுக்குக் கால் வலித்ததோ என்னவோ, நெஞ்சு வலித்தது. தங்கை சொன்னதில் பாதி உண்மை. அன்றைக்கு அவள் சொன்ன சரி சம்மதச் சரி இல்லைதான். அத்தனை பெரிய வண்டியையும் அத்தனை உயிர்களையும் இந்தச் சின்னக் கை எப்படித் தாங்கும் என்று அவளுக்கு ஈரக்குலை நடுங்கியது. சொன்னால் தங்கை மனசு உடையும் என்று ஒரு சரியைப் போட்டு மூடிவிட்டாள். அதற்குப் பிறகும் தங்கை ஓட்டும் பேருந்தில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. அலுவலகத்துக்கு அந்தத் தடம் சுற்று வழி என்று ஒரு காரணம் வைத்திருந்தாள். தங்கையும் வா என்று கூப்பிட்டதில்லை. ஆனால் அதற்காக மாலை அறையை மூடி வேலையைப் பறிக்கிறவளா அவள்? அப்படித் தங்கை நினைத்துவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், இனி இந்த வார்த்தையே வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பேசிய முதல் ஆள் பாதியில் ‘ஹலோ ஹலோ’ என்றார். அடுத்தவர், தூங்கிட்டீங்களா என்று கேட்டார். அதற்கடுத்த அம்மாவிடம் ‘ம்’ போட்டுப் பார்த்தாள். என்னம்மா உடம்பு சரியில்லையா என்று அந்த அம்மா தண்ணீரை மறந்துவிட்டுக் கஷாயம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இது வேலைக்கு ஆகாது என்று மதியத்தோடு விரதத்தைக் கலைத்தாள். வார்த்தையின் மேல் குற்றமில்லை, போட்ட இடம்தான் தப்பு. தலைமையாசிரியையிடம் போய், நான் சொன்ன சரி சரியில்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதுதான் முடியாத காரியமாக இருந்தது. மறுத்துப் பேசியே பழக்கமில்லாதவள், ஒரு முறை சம்மதித்ததை எப்படி மறுப்பாள்? தங்கைக்காக வந்து பிளேட்டை மாற்றுகிறாள் என்றுதானே நினைப்பார்கள். துணைக்கு யாராவது இருந்தால் தேவலாம் என்று அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்தைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். பாதியிலேயே அவர் கை நின்றுவிட்டது. எனக்கும் மனசு ஒப்பவில்லை, ஆனால் நீங்களே அவ்வளவு உறுதியாகச் சரி என்று சொன்ன பிறகு நான் என்ன பேசுவது, உங்கள் வீட்டுப் பிள்ளையே அங்கேதானே இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்றுதான் தலையை ஆட்டினேன் என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் கடையை மறுபடி ஒப்படைத்தார். அந்த அம்மா முகத்தில் இது புதிது இல்லை என்று எழுதியிருந்தது.

சர்வேயர் வீட்டில் அவர் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போடுவதா வேண்டாமா என்று மனைவியோடு வாதாடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“அந்த அறையா? உடைஞ்ச பெஞ்செல்லாம் கிடக்குமே, பின்னால ஒரு அறை, அதையில்ல மூடறாங்கன்னு நெனச்சேன்!”

சரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாகச் சிரிக்காத வாய், வலித்தது. இப்படித்தான் மூன்று பேர் கூடி, மூன்று பேரும் ஒப்பாத ஒன்றை ஒரு மனதாக நிறைவேற்றியிருக்கிறார்கள். ஆலோசனைக் குழுவாம்.

மூவரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கடைசி மணி அடித்து ஆரவாரம் அடங்கியிருந்தது. மாலை அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். சின்னவள் ஜன்னலோரப் பெஞ்சில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். இன்னும் சில பிள்ளைகள் பென்சில் சீவும் சத்தத்தோடு ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாற்றலாகிப் போகும் ஆசிரியை மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சின்னவள் பெரியம்மாவைப் பார்த்தும் கை காட்டவில்லை. தாயின் கோபம் மகளுக்கும் தொற்றியிருந்தது.

தலைமையாசிரியை மூவரையும் சேர்த்துப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வழியெல்லாம் சரியக்கா ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அறைக்குள் நுழைந்ததும் காணாமல் போனது. கடைசியில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

“மேடம், அன்னிக்கு நான் சரின்னு சொன்னது சம்மதம்னு இல்ல. கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். ரெண்டாவது சரி சர்க்கரைக்கு. அந்த அறைய மூட வேண்டாம். எனக்கு அதுல சம்மதமே இல்ல.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேண்டாம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது, கூரை இடிந்து விழவில்லை. மருந்துக்கடைக்காரர் எனக்கும் இல்லை என்றார். சர்வேயர் உடைந்த பெஞ்சுகளைப் பற்றி ஆரம்பித்து, மற்றவர்கள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

தலைமையாசிரியை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபப்படப் போகிறார் என்று சரியக்கா நினைத்தாள். அவரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“விருந்தாளி கிளம்பறேன்னு சொன்னா, இருங்க, என்ன அவசரம்னு சொல்லுவோமில்ல? மூடிடலாம்னு நான் சொன்னா, ஏன் மூடணும், நாங்க இருக்கோமேன்னு யாராவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க சரின்னுட்டீங்க.”

பெரியவர் ஒருவர் பொறுப்பாக இருந்தால் போதும், அறையைத் திறந்து வைக்கலாம், அது ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, குழுவில் இருப்பவர்களே முறை வைத்து உட்காரலாம் என்று கல்வி அலுவலகமே சொல்லியிருக்கிறதாம். ஆனால் ஆளாளுக்கு வேலை இருக்கும்போது வந்து உட்காருங்கள் என்று வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம். கேட்காமல் கேட்டுப் பார்த்திருக்கிறார். குழு கேட்காமல் கேட்டதைக் கேட்காமலே விட்டுவிட்டது. அன்றிலிருந்து தனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று அவர் சொன்னபோது சரியக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்தவர் சாப்பிடாததில் இப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது. சர்வேயர், வாரம் முழுக்க நானே வருகிறேன், வீட்டில் நான் இருப்பதே தொந்தரவு என்கிறார்கள் என்றார். அவர் மனைவியிடம் போனில் கேட்டபோது அந்தப் பக்கத்திலிருந்து வந்த ‘தாராளமா’ அறை முழுக்கக் கேட்டது. அவருக்கு முடியாத நாளில் மருந்துக்கடைக்காரர் வருவதாக ஏற்பாடு. பள்ளி விடும் நேரத்தில் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை என்று அவரே ஒப்புக்கொண்டார். சரியக்கா வார நடுவில் வரும் தன் விடுமுறை நாளைத் தருவதாகச் சொன்னாள். எல்லாம் பேசியான பிறகு தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்து, அப்போ அறையைத் திறந்தே வைக்கலாமா என்று முறைப்படி கேட்டார்.

யாரும் பேசவில்லை. சரி என்று சொல்ல மூன்று பேருக்கும் பயம். மின்விசிறி மட்டும் தலையை ஆட்டியது. “ஐயோ, இந்தத் தடவை சொல்லலாம்” என்றார் தலைமையாசிரியை, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சரியக்கா சிரித்துக்கொண்டே தலையை ஒரு முறை ஆட்டினாள்.

சின்னவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது உடம்பே லேசாகிவிட்டது போல இருந்தது. அறை இருக்கும் என்று காதில் சொன்னதும் சின்னவள் பெரியம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு நடந்தே போகலாம். ஆனால் சரியக்கா பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். எந்த வண்டிக்கு நிற்கிறோம் என்று சின்னவள் கேட்டாள். உங்கம்மா வண்டிக்கு என்றதும் அவள் கண் விரிந்தது.

பேருந்து வந்தது. கதவு திறந்ததும் தங்கை கண்ணாடியில் அக்காவைப் பார்த்தாள், நம்பாமல் திரும்பியும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் தலைக்கு மேலே ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று ஒரு பலகை. நிரந்தரமாகாதவள், பலகையை மீறமாட்டாள். சரியக்கா சின்னவளை மடியில் இருத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியபோது குலுங்கவில்லை. ஒரு முதியவர் கம்பியைப் பிடித்து உட்காரும் வரை தங்கை காத்திருந்துதான் எடுத்தாள். குறுகலான திருப்பத்தில் அவ்வளவு நீள வண்டி, போர்வையை மடிப்பது போல அமைதியாக மடங்கித் திரும்பியது. அந்தச் சின்னக் கைகள் ஸ்டீயரிங்கில் பதறாமல் கிடந்தன. இதைப் பார்க்காமல் இத்தனை நாள் சுற்று வழி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே என்று சரியக்காவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. கண்ணாடியில் தங்கையின் புருவம் மெல்ல உயர்ந்தது. அறை என்னாச்சு என்று கேட்டது அது.

சரியக்கா தலையை ஆட்டினாள்.

தங்கையின் தோள் தளர்ந்து இறங்கியது. வாயைக் குவித்து ஊதி மூச்சை விட்டாள். ஆனால் சரியக்காவின் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், அந்தக் கைகளைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்து இன்னொரு முறை தலையை ஆட்டினாள். இது அறைக்கு இல்லை. எப்போதோ கொடுத்திருக்க வேண்டியது.

தங்கைக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியில் அவள் கண் கலங்கியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானது இருவருக்கும் தெரிந்தது. தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கியரை மாற்றி, தலைக்கு மேலே எழுதியிருந்ததை முதல் முறையாக மீறினாள்.

“சரிக்கா” என்றாள்.